கூரை ஏறிய கொடி ரோஜா

மார்கழி 9, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

எங்கள் குடிசை நிற்கும் மனையைப் பற்றி விசாரிக்க இன்று தாலுகா ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். பல வருஷம் குடியிருந்தால் மனை எங்களுக்குத்தானாம். பண்ணைக் காரியஸ்தர், "இது போன அறுப்புக்கு அப்புறம் போட்ட குடிசைங்க" என்று கூசாமல் சொன்னார்.

அதிகாரி கூரையைப் பார்த்தார். கொடி ரோஜா முகடு வரை ஏறிக் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கிறது. பண்ணை வீட்டில் கவாத்து செய்து எறிந்த குச்சிகளை அம்மா அடுப்புக்கு அள்ளி வந்தபோது, அதில் ஒன்றை நான் நட்டேன். அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றினேன். அடித்தண்டு இப்போது என் மணிக்கட்டைவிடப் பருமன்.

"அது எங்க பண்ணை ரோஜாங்க. திருட்டுக் கழுதைங்க, ஒடிச்சிட்டு வந்து வச்சிருக்குதுங்க" என்றார் காரியஸ்தர்.

"எப்ப ஒடிச்சாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆச்சுங்க, அஞ்சாறு வருஷம்."

"அப்போ அஞ்சாறு வருஷமா இங்கதான் இருக்காங்க?"

அப்பா சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. காரியஸ்தரின் முகம் கறுத்துவிட்டது.

நாளை மறுநாள் சர்வேயரோடு வந்து செடியைச் சாட்சியாக எழுதிக்கொள்வதாக அதிகாரி சொல்லிப் போனார். அதுவரை செடி நிற்க வேண்டும்.

"ராத்திரியே வெட்டிப்புடுவானுங்க" என்று அம்மா அழுதாள்.

"வரட்டும், பாப்போம்" என்று அப்பா செடியடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார்.

வெட்ட வருகிறவர்கள் அப்பாவைத் தாண்டித்தான் செடிக்கு வர வேண்டும். செடி போனால் போகட்டும், உள்ளே வாங்க என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.