வந்து சேர்ந்த எச்சரிக்கை

அல்மாத்தி
அக்டோபர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜான்சுலு எழுதுவது. போனில் கேட்கத் தைரியம் வரவில்லை, அதனால்தான் கடிதம். புயலில் படகு கவிழ்ந்து இறந்த தெமிர்கலி மாமாவின் அடக்கத்துக்கு வர முடியாமல் போய்விட்டது. உல்மெகென் அத்தை எப்படி இருக்கிறார்?

எங்கள் எச்சரிக்கை மையத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். கடலில் நிற்கும் மிதவைகள் அனுப்பும் காற்று, அலை, நீர்மட்டத் தரவுகளைச் சேர்த்து எச்சரிக்கையாக மாற்றி அனுப்புவது என் நிரல் என்பதால், கேள்வியெல்லாம் என்னிடம்தான். "அன்றைக்கு எங்களுக்கு எச்சரிக்கையே வரவில்லை" என்று நம் துறைமுகத்திலிருந்து புகார் வந்திருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையது.

அப்பா, செய்தி உங்கள் போனுக்கு வந்தது. மற்றப் படகுகளுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். மனம் கேட்காமல் நானே கூப்பிட்டும் சொன்னேன். "சரிம்மா, கட்டிப் போட்டுடறேன்" என்றீர்கள்.

நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் மகள்
ஜான்சுலு

சாரிதாஸ்
அக்டோபர் 14

என் ஒட்டகக் குட்டியே,

அம்மாவுக்கு முழங்கால் வலி. உனக்காக ஒட்டகப் பால் புளிக்கவைத்திருக்கிறாள், கொடுத்தனுப்ப ஆள்தான் கிடைக்கவில்லை.

அன்று காலை கட்டிப் போடச் சொல்லத்தான் கரைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் தெமிர்கலி, "கிளம்பலாமா தலைவரே, இல்ல மகளக் கேட்டுட்டுத்தான் கிளம்பணுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "அவளை என்னடா கேக்கறது? கயித்த அவுருங்க" என்று சொல்லிவிட்டேன். முதலில் போனது என் படகு. என்னைப் பார்த்துப் பின்னால் வந்தது அவன் படகு.

உடலைக் கொண்டுவந்தபோது உல்மெகென், "எச்சரிக்கை ஏதும் வந்துச்சாண்ணே?" என்று கேட்டாள். வரவில்லை என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னதை மாற்ற முடியவில்லை.

கணினிதானே, ஏதோ கோளாறு என்று நீ சொன்னால் முடிந்துபோகும். எனக்கு இந்த ஊரில் முகம் வேண்டும் மகளே.

உன் அப்பா

அல்மாத்தி
அக்டோபர் 24

அப்பா,

நீங்கள் கேட்டபடியே சொல்லிவிட்டேன். நிரலில் கோளாறு இருந்திருக்கலாம் என்றேன். "அனுப்பினதாப் பதிவு இருக்கே?" என்றார் தலைமை அதிகாரி. அதுவும் தப்பாகப் பதிந்திருக்கும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எச்சரிக்கை வேலையிலிருந்து எடுத்து, பழைய நீர்மட்டப் பதிவுகளை ஒழுங்குசெய்யும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அது போகட்டும். போன வாரம் எச்சரிக்கை போயும், உங்கள் பக்கத்துத் துறைமுகத்தில் சில படகுகள் கிளம்பிவிட்டன. "அந்தக் கணினிக்குத்தான் கோளாறாமே" என்றார்களாம். எப்படியோ உயிரோடு திரும்பிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் கூனிக் குறுகிப்போனேன். கடலைப் படித்து, அது போதாதென்று கணினியும் படித்து நான் செய்தது இதுதானா? அடுத்த முறை திரும்பாமல் போனால் அது என் பொய்.

உங்கள் முகத்தைக் காப்பாற்றிவிட்டேன். என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. இனி உங்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஜான்சுலு

சாரிதாஸ்
நவம்பர் 16

ஜான்சுலு,

தெமிர்கலியின் நாற்பதாம் நாள் விருந்துக்குப் போயிருந்தேன். இறைச்சி பரிமாறினார்கள். பெரியவர் என்று மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு வாய் எடுத்தேன், இறங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"எச்சரிக்கை வந்துச்சு. எம்மக போன் பண்ணியும் சொன்னா. நாந்தான் மறைச்சேன்" என்றேன்.

உல்மெகென் என் கிண்ணத்தை வாங்கி, விளிம்பு வரை தேநீர் ஊற்றித் தந்தாள். அப்படித் தந்தால் எழுந்து போ என்று பொருள், உனக்கே தெரியும். குடிக்காமல் கிண்ணத்தை விரிப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உன் மையத்துக்கும் நடந்ததை எழுதிவிட்டேன். எச்சரிக்கை இப்போது வேறொருவன் போனுக்குப் போகிறது. இன்று காலை வடக்குக் காற்று என்று வந்தது. ஒரு படகும் அவிழவில்லை. நானும் கரைக்குப் போய் நின்றேன். யாரும் சலாம் சொல்லவில்லை. மத்தியானம் உன் நிரல் சொன்ன காற்று வந்தது.

அம்மா உன்னைப் பார்க்க ரயிலில் வருகிறாள். எனக்குச் சீட்டு எடுக்கவில்லை. வா என்று நீ எழுதினால் எடுப்பேன்.

குவானிஷ்கலி