தண்ணீர் மேல் கிடப்பவள்

மார்ச் 3, செவ்வாய்

தொடை எலும்பு முறிந்து ஏழு வாரம். இன்று வந்த நர்ஸ், முதுகுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்திருக்கிறது என்றாள். படுக்கைப் புண்ணின் ஆரம்பமாம். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் புரட்டிப் படுக்க வைக்கணும். வாட்டர் பெட் வாங்கினா நல்லது. ஆனா புரட்டறதை விட்டுடக் கூடாது" என்று தெளிவாகத்தான் சொன்னாள். என் பிள்ளைகள் காதில் நடு வாக்கியம் மட்டும் விழுந்தது. எவ்வளவு சௌகரியமான காது!

மார்ச் 5, வியாழன்

மாநாடு கூடியது. என் கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், ரெண்டு தெரு தள்ளியிருக்கும் மகள், கூடவே மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் இல்லை. "மரச் சட்டம் போட்டு, ஹீட்டர் வெச்சு, டபுள் சைஸ்ல வருது அத்தை. அலை அடிக்கிற மாதிரியே இருக்கும்" என்றார். அலை அடித்தால் நான் என்ன செய்ய, மீன் பிடிக்கவா? மகன் செல்போனில் பார்த்தான். தண்ணீர் நிரம்பினால் அது எழுநூறு கிலோவாம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கீழ்வீட்டுக்காரர் தலையில் நான் கட்டிலோடு போய் இறங்க வேண்டியதுதான். அதற்கும் அரை மணி நேரம் யோசித்தார்கள்!

முப்பது வருஷம் தையல் கடை நடத்தியவள் நான். போட்டுக்கொள்ளப் போகிறவளைக் கேட்காமல் ஒரு சட்டைக்குக்கூடத் துணி வெட்டியதில்லை. இங்கே படுக்கப் போவது நான். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

மார்ச் 6

சட்டைப் பொத்தான் இன்று கோட்டுப் பொத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

மகனும் மாப்பிள்ளையும் கடைக்குப் போய் வாங்கியே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போடுகிற வகை, ஒற்றைக் கட்டில் அளவு, நீல ரெக்சின். எப்படித் தேர்ந்தெடுத்தார்களாம்? மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தாராம். இதில் படுத்ததும் குறட்டையே விட்டாராம். அவருக்குத் தூக்கம் வந்தால் என் புண் ஆறிவிடும் - என்ன மூளை!

முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும் என்று அட்டையில் இருந்ததை மருமகள் படித்துச் சொன்னாள். "முழுசா ரொப்பினாத்தான் அத்தையோட வெயிட்டைத் தாங்கும்" என்றார் மாப்பிள்ளை. ரொப்பினார்கள். மத்தளம் மாதிரி விம்மி நின்றது. என்னைத் தூக்கி மேலே வைத்தார்கள், நான் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனேன். மகள் பிடித்திராவிட்டால் இன்னொரு காலும் போயிருக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் வாளி வாளியாகத் தண்ணீரை இறக்கினார்கள். மாப்பிள்ளை அதையும் மேற்பார்வை பார்த்தார்.

மார்ச் 9, திங்கள்

எழுதக் கூசுகிறது. சுகமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ஐந்து நாளாக என்னை யாரும் புரட்டவில்லை. மகனிடம் ஜாடையாகச் சொன்னேன். "எதுக்கும்மா? அதான் வாட்டர் பெட் இருக்கே" என்றான்.

முன்பெல்லாம் காலையில் அவன் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டுவான். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு முணுமுணுத்தபடி வருவாள். சாயங்காலம் மகள், ஊர்வம்பு எல்லாம் பேசிக்கொண்டே புரட்டுவாள். இப்போது தட்டு வருகிறது, தட்டு போகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. மகள் நாலு நாளாக எட்டிப் பார்க்கவில்லை. "இப்பத்தான்மா நிம்மதியா இருக்கு" என்று போனில் சொன்னாள். யாருக்கடி நிம்மதி?

மார்ச் 16, திங்கள்

நர்ஸ் வந்தாள். தோல் பிரிந்துவிட்டதாம். "புரட்டறீங்கதானே?" என்று கேட்டாள். "புரட்டறோமே" என்றாள் மருமகள். பச்சைப் பொய். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஊரையே நையாண்டி பண்ணுகிற வாய்தானே இது? "என்னைப் புரட்டிப் போடு" என்று ஒரு வார்த்தை கேட்க வரமாட்டேன் என்கிறது. கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. திமிர். வேறென்ன?

மார்ச் 18, புதன்

காலையில் மருமகள் தன் சட்டையில் கொக்கி தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். தைத்து முடித்தேன். ஊசி கையில் இருந்தது. மெத்தை ஓரத்தில் ஒரே குத்து. போதாதோ என்று இன்னும் ரெண்டு.

வேண்டுமென்று நான் கெடுத்த பொருள் இது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் தண்ணீர் கசிந்து கசிந்து கூடம் வரைக்கும் போயிருக்கிறது. மருமகள் அலறினாள், மகள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள், மகன் பாதி நாள் லீவு போட்டான். மாப்பிள்ளை குனிந்து ஆராய்ந்து, "மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட். கடையிலயே எனக்கு டவுட்டு இருந்தது" என்றார். ஒரே நேரத்தில் நாலு பேர் என் அறையில். ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டார்கள். ஈரத் துணியோடு கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதுகு எரிந்தது.

மார்ச் 19, வியாழன்

பழைய பஞ்சு மெத்தை. பத்து மணிக்கு மருமகள் வந்தாள். "மூட்டை மாதிரி கிடந்தா எப்படி? நீங்களும் கொஞ்சம் ஒத்துழைங்க அத்தை" என்று திட்டிக்கொண்டே புரட்டினாள். அப்புறம் துணியை விலக்கினாள். புண்ணைப் பார்த்திருக்கிறாள்.

"இவ்வளவு ஆயிடுச்சா? சொல்லியிருக்கலாமே அத்தை."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நல்லதாய்ப் போயிற்று. என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 28, சனி

கடையில் மாற்று மெத்தை வந்துவிட்டதாம். எடுத்து வரட்டுமா என்று மகன் கேட்டான். முதல் தடவையாக என்னைக் கேட்டான்.

"கொண்டு வா. ஆனா அதுல போட்டாலும் என்னைப் புரட்டணும். நீங்க வரணும்" என்றேன். வாய்விட்டுக் கேட்டே விட்டேன், கண்றாவி.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலாச்சு. இந்தப் பக்கம் திரும்புங்க அத்தை" என்றாள்.