உன் படத்தின் கீழே என் பெயர்

உன் படத்தின் கீழே என் பெயரை அச்சடித்துவிட்டார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

இன்று காலை கடைத்தெரு மளிகைக்காரர் புது வருடக் காலண்டரைச் சுருட்டி என் மாவு மில்லுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்ததும் மை வாசனை. அதற்குள்ளிருந்து அஞ்சலை சிரித்தாள். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் வெள்ளரிக்காய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, புறங்கையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு சிரிக்கிறாளே, அந்தப் படம். பின்னால் மழை விட்ட மலை. நீ எடுத்தது. கீழே வலது ஓரத்தில் ‘படம்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

மில்லை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

“இன்னா மில்லுக்காரம்மா, காலண்டரு புடிச்சிருக்குதா?” என்றார்.

“படம் என்னுது இல்ல.”

“உங்க ஸ்டேட்டஸ்லருந்துதானே எடுத்தேன்.”

“என் ஸ்டேட்டஸ்ல இருந்தா என்னுதாயிடுமா? நேத்து முருகர் படம் வெச்சிருந்தேன். அதுவும் நான் நிக்க வெச்சி எடுத்ததா?”

“பேரு போடலன்னு சண்டைக்கு வருவாங்க. பேரு போட்டுட்டேன்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீங்கதாம்மா.”

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றி நான் தினமும் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

புதுச்சேரியிலிருந்து உன் மகள் அந்தச் சின்ன கேமராவைக் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நம் இருவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. எதிரெதிரே கடை, நீ ஜாக்கெட் தைத்தாய், நான் மாவு அரைத்தேன். “எனக்கு ஒருத்திக்கு எதுக்குடி இது? ரெண்டு பேரும் வெச்சிக்கலாம்” என்றாய். ஆளுக்குப் பத்துப் படம், பிறகு கை மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது நான். கேமரா இல்லாதவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்க வேண்டும். பத்துதான் என்று ஆனதும் கண்டதையும் எடுக்கிற பழக்கம் போயிற்று. ஒன்பது முடிந்து கடைசி ஒன்றுக்காக நீ அரைமணி நேரம் ஒரே இடத்தில் நிற்பாய். பாட்டிலோடு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டோம். மில்லில் எதைத் தொட்டாலும் மாவு, அதனால் எதையும் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். நம் முதல் மாதத்துப் படங்களெல்லாம் பனி மூட்டத்தில் எடுத்தவை போல இருந்தன. கேமராவில் கோளாறு என்று நீ உன் மகளைத் திட்டினாய். நான் பழைய பருத்திப் புடவைத் துண்டால் கேமராவின் முன்கண்ணாடியைத் துடைத்துக் காட்டினேன். உன் கட்டைவிரல் ரேகை அது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன்னால் துடைத்தோம்.

நீ தந்தது ஓரம். துணியை விரித்தால் உன் கண் முதலில் கரைக்குத்தான் போகும். படத்திலும் அப்படித்தான். “நடுவுல இருக்கிறவ எங்கயும் ஓடிப்போவ மாட்டா. நாலு மூலையப் பாருடி” என்பாய். பார்த்தால் ஒரு மூலையில் யாரோ ஒருவரின் பாதிச் செருப்பு, இன்னொன்றில் கரண்டு கம்பம் கோட்டைக் கல்யாண மகாலின் தலையில் முளைத்திருக்கும். இரண்டடி தள்ளி நின்றால் கம்பம் போய்விடும். அந்த இரண்டடியை நகரச் சோம்பல்பட்டு எத்தனை படத்தைக் கெடுத்திருக்கிறோம்.

தொண்டூர் போன கதையை மறக்க முடியுமா? சமணர் படுக்கைகளை எடுக்கப் போகிறோம் என்று, சாப்பாட்டை முடித்துக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினோம். பாறையில் அடித்த வெயிலில் எடுத்த இருபது படமும் வெறும் வெள்ளை. படுக்கையும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் நீ கேட்டாய், “வத்தல் காயப்போடற நேரத்துல படம் எடுக்க வந்தமே, நம்மள இன்னா சொல்றது?” மறு வாரம் விடியும்போதே போய் இறங்கினோம். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு படுக்கையின் விளிம்பும் அப்போதுதான் உளி பட்டது போல எழுந்து நின்றது. அதன்பிறகு வற்றல் காயும் நேரத்தில் நாம் கேமராவை வெளியே எடுத்ததே இல்லை.

மண்டகப்பட்டுக் குகையின் இருட்டில் எல்லாப் படமும் ஆடிப்போயிற்று. நீ ஊசியில் நூல் கோர்ப்பது போல மூச்சை மெல்ல விட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, தூணில் சாய்ந்துகொண்டு எடுத்தாய். ஆடவில்லை. “இத்தினி வருஷம் ஊசிக்குச் செஞ்சது, இதுக்குச் செய்ய மாட்டேனா?” என்றாய். அடுத்த படத்துக்கு நானும் தூணில் சாய்ந்துகொண்டேன்.

இனி அஞ்சலை படத்துக்கு வருகிறேன்.

ஆளைப் படம் எடுக்கும்போது, “ரெடி” என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அது மரியாதை. நீயும் ரெடி என்பாய், ஒன்று எடுப்பாய். பிறகு கேமராவை நெஞ்சுவரை இறக்கி, “முடிஞ்சிது” என்பாய். அவர்கள் அப்பாடா என்று தோளைத் தளர்த்தும்போது இன்னொன்று எடுப்பாய். அது ஏமாற்று வேலை என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அன்று மழை விட்டிருந்தது. அஞ்சலையிடம் கேட்டுக்கொண்டுதான் உட்காரவைத்தாய். அவள் ரேஷன் கார்டுக்கு உட்கார்ந்தது போல விறைத்திருந்தாள். எடுத்தாய். “முடிஞ்சிதுக்கா” என்றாய்.

“முடிஞ்சிதா? எங்க மாமியார் போட்டோ மாதிரி வந்திருக்கும். அதுக்கு மாலை போட்டுத்தான் வெச்சிருக்கறோம்” என்று சொல்லி அஞ்சலை சிரித்தாள். அப்போது எடுத்தாய். எடுத்ததும் அவளிடம் காட்டினாய். “இது நானா? இருக்கட்டும், இருக்கட்டும்” என்றாள்.

நான் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தேன். “மலை சாஞ்சிருக்குது. கூடைல பாதியக் காணோம். கை வாய மறைக்குது. அழிச்சிடு” என்றேன்.

“மாட்டேன்.”

“உன் பத்துல ஒண்ணு வீண்.”

“என் பத்துதானே. உனுக்கு இன்னா வலிக்குது?”

அழிக்கவில்லை. அதோடு விடாமல், அதை உன் போனில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் முதல் காலை வணக்கத்துக்குப் பதிலாக அதே படத்தை என் போனுக்கு அனுப்ப ஆரம்பித்தாய். ஒரு வாரமா, ஒரு மாதமா? ஒவ்வொரு நாளும் நான் ‘அழி’ என்று பதில் போடுவேன். எதிர்க்கடையிலிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்கும். மிஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் கேட்கும்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன அன்று, போனில் உன்னைத் தேடினேன். உன் முகம் ஒன்றுகூட இல்லை. கேமரா உன் கையில் இருந்தபோது நீ படத்தில் இல்லை. என் கைக்கு வந்தபோது நான் கோட்டைச் சுவரையே எடுத்துக்கொண்டிருந்தேன். இருந்ததெல்லாம் நீ அனுப்பிய அஞ்சலைதான். அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்று மளிகைக்காரர் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதாமல் விட்டால் என்னுடையது என்று அர்த்தமா? கேட்டிருக்க வேண்டியது அவர்.

காலையிலிருந்து பாராட்டு வேறு. மாவு அரைக்க வந்தவர்கள், எதிரே உன் கடையில் இப்போது செல்போன் பழுது பார்ப்பவர், எல்லாரும், “எப்டிம்மா இப்டிச் சிரிக்க வெச்சீங்க?” என்கிறார்கள். வேறொருத்தி போட்ட தையலுக்கு நான் கூலி வாங்குவது போல இருக்கிறது.

ஆகவே நடக்க வேண்டியது இது. மளிகைக்காரர் உன் பெயரைச் சீட்டாக அச்சடித்து, கடையில் மீதியிருக்கும் காலண்டரிலெல்லாம் என் பெயர் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டிய முதல் காலண்டரை அவரே கொண்டுபோய் அஞ்சலை கையில் கொடுத்து, அவளைக் கேட்காமல் போட்டுவிட்டதை அவளிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் யார் படத்தைப் போட்டாலும் எடுத்தவரையும் படத்தில் இருப்பவரையும் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உன் மகள் பீரோவில் வைத்திருக்கும் கேமராவை எடுத்து சார்ஜ் போட்டு, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவர வேண்டும். அவளுக்கும் பத்துதான், சட்டம் மாறாது. எடுப்பதற்கு முன் துடைக்க வேண்டும்.

ஏற்கெனவே வெளியே போன காலண்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சீட்டும் பசையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக நான் போக வேண்டும். ஒட்டும்போது ஒவ்வொரு வீட்டிலும், இதை எடுத்தவள் நீ என்றும், அழித்துவிடு என்று தினமும் சொன்னவள் நான் என்றும் என் வாயால் சொல்ல வேண்டும்.