யாரும் தொடக்கூடாது என்று பூட்டிய பக்கம்

இன்று காலை பீரோவைத் திறந்ததும் ஏலக்காய் மணம் குப்பென்று அடித்தது. நீ திருத்திக் கொடுத்த தாள்களை எல்லாம் உன் அத்தாவின் ஏலக்காய்க் கடைச் சாக்கில்தானே சுற்றிக் கட்டிவைத்திருந்தாய்! ஒரு வருடமாகியும் மணம் போகவில்லை. அழுதுகொண்டு உட்காருவதற்காக நான் அந்தக் கட்டை எடுக்கவில்லை, பயப்படாதே. எனக்கு அவசரமாக ஒரு தாள் வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன், திட்டாமல் கேள்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் நம் பேச்சியக்கா விடிந்ததும் போன் செய்தார்.

"தாயி, நீங்க போட்ட பக்கத்துல இருக்குற மாதிரியேதான் செஞ்சேன். எல்லாம் போச்சு. ரெண்டு வருசத்து எழுத்து. திங்கக்கெழமை ஓனரு வந்து தோட்டத்துல எந்தப் பக்கம் எப்ப மருந்தடிச்சேன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

குரலில் கோபமே இல்லை. 

ஒரு வருடத்துக்கும் மேலாகத் தள்ளிப்போன நம் செயலியின் புதிய பதிப்பு நேற்றுதான் வெளிவந்தது. மழை, மருந்தடிப்பு, காய் எடுப்பு என்று தோட்டத்துச் சங்கதிகளைப் போனில் குறித்துவைக்கிற அதே திறமூலச் செயலிதான். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். அதன் வலைத்தளத்தில் வரும் தமிழுக்கு நீயும் நானும் பொறுப்பு. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு எப்படி மாறுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்த பக்கத்தைப் பார்த்துத்தான் அக்கா மாறியிருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ கடைசியாகத் திருத்திய பக்கம் அது.

அந்தத் தளத்தை முதன்முதலாக உன்னிடம் காட்டிய நாள் ஞாபகம் வருகிறது. நீ வேலை பார்த்த அச்சகத்தில் ஏதோ கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு வரி படித்துவிட்டு நிமிர்ந்தாய். "ஏ புள்ள, இது தமிழா, தண்டனையா?" இங்கிலீஷை அப்படியே உருட்டிப் போட்டிருந்தார்கள், வேறென்ன சொல்வாய்! அன்றைக்கே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாய். "பத்திரிகைல தப்பு விட்டாச் சிரிச்சுட்டுச் சாப்பிட்டுப் போயிருவாங்க. இதுல தப்பு விட்டா ஒருத்தவுக சோலி கெட்டுப் போகும்" என்று அதற்கு நியாயம் வேறு சொன்னாய்.

உன் திருத்தம் பேனாவோடு முடிந்துவிடாது. காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு கிளம்பும் முன்பு ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். உன் பழைய போனைப் பேச்சியக்கா கையில் கொடுத்து, நீ ஒவ்வொரு வரியாக வாசிக்க, அக்கா அதன்படி செய்ய வேண்டும். அக்காவின் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே வாக்கியம் தப்பு. "வெரசா வாசி தாயி, டிரைவரு ஹாரன் அடிக்காரு" என்று அக்கா சிரிப்பார். சுற்றி நிற்கிற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். "அக்கா அஞ்சாங்கிளாஸ்தான, அதான் புரியல" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மாடி, நீ பார்த்த பார்வை! "அவுகளுக்குப் புரியலைன்னா நமக்கு எழுதத் தெரியலைன்னு அர்த்தம்." அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நீ கண்ணை மூடிய மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்து தளத்தில் ஏற்றினேன், தாளை உன் சாக்குக் கட்டில் செருகிவைத்தேன். ஏற்றிய கையோடு அந்தப் பக்கத்தைப் பூட்டியும் விட்டேன். திறமூலம் என்றால் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், அனுப்பினார்கள். எல்லோருக்கும் "வேண்டாம், நன்றி" என்று பதில் போட்டேன். ஒருவர், வரிகளின் வரிசையை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதினார். நான் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. உன் கை பட்ட எழுத்து, அதில் எவர் கை வைப்பது என்ற வீம்புதான், வேறென்ன?

இன்று காலை அந்தப் பக்கத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். முதலில் பழைய செயலியை நீக்கச் சொல்கிறது. அதற்கடுத்த வரியில் குறிப்புகளைப் பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறது. நீக்கிய பிறகு பிரதி எடுக்க என்ன இருக்கிறது, வெறும் போன்தான் இருக்கிறது! நீயா இதை இப்படி விட்டாய் என்று நம்ப முடியாமல்தான் பீரோவைத் திறந்தேன்.

தாள் கிடைத்தது. ஓரத்தில், ஊசி ஏறிய கையால் எழுதிய கோணல் எழுத்து. "வாக்கியமெல்லாம் சரி. வரிசை சரியான்னு தெரியல. இங்க வேற போன் இல்ல. நீ செஞ்சு பாத்துட்டுப் போடு."

அன்றைக்கு இதைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். பொய். பார்த்தேன். "வாக்கியமெல்லாம் சரி" என்பது வரைக்கும் படித்தேன், கண் நிறைந்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன். உன் எழுத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வருடம் காவல் இருந்தவள், நீ சொன்னதைக் கேட்கவில்லை.

வரிசையை மாற்றினேன். இரண்டு போனில் செய்து பார்த்தேன். பூட்டை எடுத்தேன். இரண்டு முறை எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நமக்குத் தெரிந்த எல்லோருக்கும் பழைய பக்கத்தைப் பார்த்து எதையும் நீக்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். அப்புறம் பேச்சியக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, தப்பு என்னோடது. செஞ்சு பாத்துட்டுப் போடச் சொல்லி அவ எழுதியிருந்தா. நான் செய்யல."

 அக்கா கேட்டார். "அப்ப அந்தப் புள்ள தப்பு விடல?"

"இல்லக்கா."

"காலையிலருந்து அதாந்தாயி எனக்கு மனசே ஆறல. எழுத்து போனாப் போகுது. நாளைக்கு ஜீப்புல ஏறி வா. எனக்கு ஞாபகம் இருக்குற வரைக்கும் சொல்றேன், எழுதிக்க."

போனை வைத்துவிட்டு அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் அந்தப் பக்கத்துக்கு ஒரு திருத்தம் வந்து நின்றது. யாரோ உன் முதல் வாக்கியத்தையே மாற்றியிருந்தார்கள். செய்து பார்த்தேன். உன்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஏற்றுக்கொண்டேன்டி.