பாலத்துக்கு இந்தப் பக்கம்

அன்பு மகள் பிரையனி,

நீயும் மேவும் டார்வின் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஆல்பரியில் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. இன்று காலை முதல் வேலையாகக் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை என்பது பாதி சுரண்டிய பிறகுதான் உறைத்தது. மனம் அப்படி இருக்கிறது.

எங்கள் கிறிஸ்தவப் பள்ளி முதல்வர் விட்கோம் உன்னை இசை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னதாகவும், மேவோடு ஊருக்கே வந்துவிடலாமா என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடம் எப்படிக் காலியானது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். தினமும் காலையில் ஆசிரியர்கள் வட்டமாக நின்று, நோயாளிகளின் பெயர் சொல்லி ஜெபிப்போம் அல்லவா? அதில் இசை ஆசிரியர் கேலம், "என் துணைவர் டூகலுக்கு இன்னிக்கு இதய ஆபரேஷன், ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். வேறெதையும் யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. எல்லோரும் உருகி ஜெபித்தோம், முதல்வரின் மனைவி சூப்கூடச் செய்து அனுப்பினார். டூகல் வீடு திரும்பிய வாரமே, ஆணோடு வாழ்கிறவர் என்று கேலமை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். "சட்டம் விடுறதத்தான் செஞ்சிருக்கோம், ரோவீனா. டூகலுக்காக நான் இன்னும் ஜெபிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் விட்கோம். அது பொய்யில்லை என்பதுதான் என்னைக் கலக்குகிறது. ஆசிரியர் சங்கத்து வக்கீலும் கையை விரித்துவிட்டார். பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து மதப் பள்ளிகளுக்கு இந்த மாநிலத்தில் விலக்கு உண்டாம், பாலம் தாண்டி அடுத்த மாநிலத்து வொடோங்காவில் நடந்திருந்தால் வாதாட ஒரு சட்டமாவது இருந்திருக்குமாம். "காய்கறி வாங்க அந்தப் பக்கம் போனா நான் முழு மனுஷன், பையத் தூக்கிட்டுத் திரும்பினா பாதி" என்று கேலம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசுப் பள்ளிகளிலும் வொடோங்காவிலும் உனக்காக விசாரித்தேன், இசைக்கு இடமில்லை என்றார்கள். வராதே என்று எழுதக் கை எழவில்லை. உன் துணைவி மேவை யாரோ தோழி போலக் காட்டிக்கொண்டு வா என்று எழுத அதைவிடவும் முடியவில்லை. விட்கோமுக்கு நீ பதில் எழுத வேண்டாம். உன்னைப் பற்றி நானும் யாரிடமும் பேச மாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது. வெளியே போகும்போது தொப்பி போட மறக்காதே. இருவரும் சேர்ந்து, நிறைந்து வாழுங்கள்.

இந்தப் பருவம் முடிந்ததும் நான் அந்தப் பள்ளியை விட்டு விலகுகிறேன். கேலமுக்கு அதனால் வேலை திரும்பாது, உனக்கும் ஒரு வழி பிறக்காது, தெரியும். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா,
ரோவீனா