வயர்லெஸ் அறையில் வெட்டிவேர்த் தட்டி

மே 9, 1955. திங்கள்.
கத்திரி வெயில். காலை ஒன்பதுக்கே சட்டை முதுகோடு ஒட்டியாயிற்று. செய்தி அனுப்பும் பெட்டி அரை மணி ஓடினால் கை வைக்க முடியாத சூடு, தானே நின்றுவிடுகிறது. புது சூப்ரண்டு (சூ.) வேலூர்க்காரர். ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்ற உத்தரவு. "எங்க ஊர்ல ஐஸ் மாதிரி இருக்கும்யா." அங்கே காய்ந்த காற்று, தண்ணீரைக் குடித்துக் குளிரும். காரைக்காலில் கடல் காற்றைப் பிழிந்தாலே சொட்டும். சொன்னேன். "நீ இன்ஜினீயரா?" என்றார்.

மே 11. புதன்.
பெட்டிக்குள் முத்து முத்தாக ஈரம். செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு. அறை முழுக்க ஊறிய சாக்கு நாற்றம், குமட்டுகிறது. சூ. வீட்டு வெற்றிலைக் கட்டும் மல்லிகைப்பூவும் தட்டியோரம் குடியேறிவிட்டன. அவை மட்டும் வாடவில்லை. தூ.
வாங்க: உப்புத்தாள், சவுக்காரம், தலைவலித் தைலம்.

மே 12. வியாழன்.
சைகோனிலிருந்து செய்தி. (கேட்கும் பெட்டி தனி. அது பிழைத்துக் கிடக்கிறது.) ஜமீலா அம்மாவுக்கு (புருஷன் அங்கேதான் இருக்கிறார்), கொழுந்தன் அனுப்பியது: அண்ணன் காலில் புண் அழுகிவிட்டது, காலை எடுத்தாக வேண்டும், மறுக்கிறார், நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்.
ஆள் அனுப்பினேன், ஓடி வந்தார். நோன்பு வேறு, உதடெல்லாம் வெடிப்பு. "கால் போனா போவட்டும், நீங்க வாங்கன்னு அடிங்க தம்பி."
அடித்தேன். ஒரு பொறி, கருகல் வாடை, அவ்வளவுதான். பஸ்ஸில் நாகப்பட்டினம் தந்தி ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். சூ.: "நம்ம பெட்டி படுத்துருச்சுன்னு ஊருக்கே தமுக்கடிக்கப் போறியா? நாளைக்குப் பார்த்துக்கலாம்." எழுதிய தாளை இழுப்பறையில் போட்டேன். ஜமீலா அம்மா வாசலிலேயே நின்றார். "போயிடுச்சா தம்பி?" போயிற்று என்று தலையாட்டினேன்.

மே 13. வெள்ளி.
தூக்கம் இல்லை. பெட்டி செத்தது செத்ததுதான். யாரையும் கேட்காமல் நாகப்பட்டினம் பஸ். பதினொன்றுக்குத் தந்தி போயிற்று. திரும்பி வந்து தட்டிகளை அறுத்து வெளியே எறிந்தேன், மல்லிகையையும் சேர்த்து. சூ. மெமோ கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 15. ஞாயிறு.
புழுக்கம். சைகோன் பதில், நானே கேட்டு எழுதினேன்: சம்மதித்தார். தொடைவரை எடுத்தாயிற்று. உயிருக்குப் பயமில்லை. ஒரு நாள் முந்தியிருந்தால் முழங்காலாவது மிஞ்சியிருக்கும் என்கிறார் டாக்டர்.
நானே எடுத்துப் போனேன். இங்கிலீஷைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன், கடைசி வரியை விட்டுவிட்டு. ஜமீலா அம்மா அழுதார். "உசுரு இருக்குல்ல, அது போதும். நீங்க அன்னைக்கே அடிச்சதாலதான் தம்பி." நோன்பு திறக்கிற நேரம், கஞ்சி கொடுத்தார். குடித்தேன். சீ, நானும் ஒரு மனுஷன். தாளை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். இங்கிலீஷ் படித்த எவனாவது ஒருநாள் அதை அவருக்கு முழுசாக வாசித்துக் காட்டுவான்.