கட்டில் மூன்றுதான்

அக்கா,

நேற்று உன் வீட்டுக்காரருக்குச் சளி உறிஞ்ச ஒரு நர்ஸ் பெண் வந்தாள். மச்சானுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி, வாயில் குழாயோடு ஐ.சி.யூ.வில் கிடக்கிறார். அந்தப் பெண் ஓர் உறையைச் சர்ரென்று கிழித்துப் புதுக் குழாயை எடுத்தாள். வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி வாளியில் எறிந்தாள். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே வேறு உறை, வேறு குழாய்.

"ஒவ்வொருத்தருக்கும் தனியாம்மா?" என்று கேட்டேன்.

"பின்ன, ஒருத்தருக்குப் போட்டத இன்னொருத்தருக்குப் போடுவாங்களா அங்கிள்?" என்று சிரித்தாள்.

எனக்கு எழுந்த ஆத்திரத்தில் அந்த ஆஸ்பத்திரியையே தூக்கிச் சாமுண்டி மலைக்கு அந்தப் பக்கம் வீசியிருப்பேன். இவ்வளவுதானா? ஓர் உறையைக் கிழிப்பதும் கையைக் கழுவுவதும்தானா?

நம் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. உனக்குக் குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். நான் கொள்ளேகால் லைனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பயணிகளை இறக்கிவிட்டு, அந்தப் பஸ்ஸிலேயே உன்னைப் படுக்கவைத்து, அக்ரஹாரத்துச் சந்துகளில் வளைத்து ஆறே நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் எனக்கு சல்யூட் வைத்தார். "அவரு ஸ்கூட்டர்காரனுக்குக் கை காட்டியிருப்பாரு" என்றார் மச்சான்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா? நான் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பீர்கள். ஹனூர் ரோட்டில் என் ஹாரனுக்கு ஆறு யானை ஒதுங்கி நின்றது என்றால், மச்சான் மூன்று என்று வைத்துக்கொள்வார். நீ மட்டும், "அந்த ஆறுல குட்டி எத்தனை சாமி?" என்று கேட்டு என் வாயை வளர்த்துவிட்டாய். ஒரு தடவையாவது என்னை அறைந்திருக்கலாம் அக்கா. அந்தக் கோபமும் எனக்கு உன்மேல் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமாக வாயில் குழாயோடு நீ கிடந்த ஐ.சி.யூ.வுக்குள் யாரையும் விடமாட்டார்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன் என்று டாக்டரிடம் அடித்துவிட்டேன். நான் பட்டாளத்துக்காரரைப் பார்த்தது தசரா ஊர்வலத்தில்தான். ஆனாலும் பாஸ் கிடைத்தது. உன் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

அதனால்தான் பார்த்தேன். ஆயா உன் தொண்டைக்குள் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சினாள். தரையில் இருந்த கண்ணாடி ஜாடித் தண்ணீரில் அதை ஒரு முக்கு முக்கினாள். அதே குழாயோடு பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒரு பெரியவர் கர்புர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முடித்துக் கடைசிக் கட்டில். பிறகு அந்தக் கலங்கின தண்ணீரிலேயே முக்கி, திரும்பவும் உன்னிடம் வந்தாள்.

வராந்தாவுக்கு ஓடி மச்சானிடம் சொன்னேன். "ஒரே குழாயை மூணு கட்டலுக்கும் போடறாங் மச்சான்."

"மூணா? பாதியத் தள்ளுனா ஒன்னரைக் கட்டல் வருதேடா. அந்த அரைக் கட்டல்ல ஆரு படுத்திருக்கறாங்?"

வராந்தாவே சிரித்தது.

டாக்டரிடம் போனேன். பட்டாளத்தில் குழாயை எத்தனை நிமிஷம் கொதிக்க வைப்பீர்கள் என்று கேட்டார். அரை நாள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சும்னிரி யஜமான்ரே" என்று கன்னடத்தில் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு முறை கூட்டாமல் குறைக்காமல் பேசினேன். அன்றைக்குத்தான் ஒருவரும் நம்பவில்லை.

ஸ்டூலில் விட்ட என் துண்டை எடுக்க உள்ளே வந்தபோது நீ விரலை அசைத்துப் பென்சில் கேட்டாய். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோணல் கோணலாக எழுதினாய். "மூணுதான். நானும் பாத்தேன்."

அப்போதே அதை மச்சானிடம் காட்டியிருக்க வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார். எனக்குப் பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. கொள்ளேகால் போகும்வரை, நாளைக்கு அந்த ஆஸ்பத்திரியைக் கவிழ்த்துக்காட்டுகிறேன் என்று பஸ் முழுக்க முழங்கிக்கொண்டு போனேன். சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. முட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தால் பஸ் ஓடிப்போய்விடுமா?

மறுநாள் வந்தபோது உனக்குக் கொதிக்கக் கொதிக்க ஜுரம். நெஞ்சு அந்தப் பெரியவருடையதைப் போலவே கர்புர்ரென்றது. நிமோனியா என்றார் டாக்டர். "வீட்டிலேயே சளி இருந்ததா?" என்று வேறு மச்சானைக் கேட்டார், ஏதோ நீ முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாதிரி. உன் வயிற்றுத் தையல் காய்ந்து ஆறியிருந்தது அக்கா. எதற்காகப் போனாயோ அது குணமாகிவிட்டது. அவர்கள் ஜாடியில் இருந்தது உன்னைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் நீ இல்லை.

அந்தச் சீட்டை அப்புறம் நான் யாருக்கும் காட்டவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அதை எப்படி நீட்டுவது? லைசென்ஸ் உறைக்குள் வைத்தேன். ஊர் உலகத்தில் நான் பீற்றிக்கொள்ளாத ஒரே விஷயம் அதுதான். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் என் யானைகளைப் பாதியாக்கும்போது, அதை எடுத்து அவர் முகத்தில் வீசக் கை பரபரக்கும்.

இன்று காலையில் மச்சானின் குழாயை எடுத்துவிட்டார்கள். பேச்சு வந்தது. நேற்று முழுக்க அவரும் உறைகள் கிழிபடுவதைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். என் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு நீ சொன்னயே. நெசமாவே மூணாடா?"

சட்டைப்பையில், லைசென்ஸ் உறைக்குள் சீட்டு இருந்தது. இத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. அவர் என் கையை விடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா நெனப்பில்லீங் மச்சான். நாந்தான் ஏத்திச் சொல்லியிருப்பேன். ஒன்னோ என்னமோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாதி தள்ளினாரா, இல்லையா, தெரியவில்லை.

நான் குறைத்துச் சொன்ன ஒரே கணக்கு அதுதான். உன் பென்சில் எழுத்து மங்கிவிட்டது, மடிப்பில் கிழிந்தும் போயிற்று. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. யானையை நான் இனியும் எத்தனை வேண்டுமானாலும் ஆக்குவேன். கட்டில் மூன்றுதான் அக்கா. நீயும் பார்த்தாய்.